மலை தெரியாத நாளில் ஒரு ஜோடித் தோடு

பெண் வீட்டார் கார் அனுப்புகிறோம் என்றுதான் சொன்னார்கள். கூல்யாஷ்தான் கேட்கவில்லை.

"பொண்ணு வீட்டுக் கார்ல போய் மாப்பிள்ளை வீட்டுக்காரி இறங்கினா ஊரு சிரிக்காதா? இந்த அல்மாட்டில நான் பஸ்ஸு ஏறாத தெரு கிடையாது. வந்துடுவேன், போனை வைங்க."

ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அன்று சறுக்கக்கூடாது. தாயில்லாப் பிள்ளையாய்த் தன்னிடம் வந்து சேர்ந்த தம்பி மகன் மெய்ரம்பேக்குக்குத்தான் சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவள் கையால் தோடு ஏறினால்தான் பெண் நிச்சயமானவள். பெண்ணின் அப்பா இசாபேக்குக்கு இதில் அரை மனசு. சொந்த வீடில்லை, கார் இல்லை, இவனை நம்பி எப்படி என்று இழுத்தடித்து, கடைசியில், "சனிக்கிழமை மதியத்துக்குள்ள வந்து போடுங்க, இல்லேன்னா நான் வேற இடத்துக்கு வாக்குக் கொடுத்திடுவேன்" என்று முடித்துவிட்டார். தோடு ஏறும்வரை மாப்பிள்ளை அந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்பதால் மெய்ரம்பேக் ராத்திரி வேலை முடித்த கையோடு அவர்கள் கேட் வாசலில் போய் நின்றிருந்தான்.

பஸ்ஸில் எள் விழ இடமில்லை. வெளியே குளிர்காலப் புகை. ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. இறங்க வேண்டியது பழைய ரொட்டிக்கடை நிறுத்தம். கடையை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பஸ்ஸில் பேசும் இயந்திரக் குரல் அதற்கு யாரோ ஒரு பேராசிரியர் பெயரைச் சொல்லும். எந்தப் பேராசிரியர் என்பதுதான் கூல்யாஷுக்கு மறந்துபோயிற்று.

"ஏம்ப்பா, பழைய ரொட்டிக்கடை வந்துச்சா?"

"அது போயிடுச்சேம்மா" என்றார் பை வைத்திருந்தவர்.

"எங்க போச்சு? இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"நீங்க சொல்றது மாவு மில்லு. ரொட்டிக்கடை வேற."

"நான் அங்கதான் பொறந்தேன், எனக்குச் சொல்ல வந்துட்டாரு."

இரண்டு பேரும் போகாத ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருக்க, கூல்யாஷ் பொறுமையிழந்து கதவு திறந்த இடத்தில் இறங்கிவிட்டாள்.

"இறங்கி மேலே வாங்க, பச்சைக் கேட்டு, வாசல்ல காருங்க நிக்கும்" என்று சொல்லியிருந்தார்கள். மேலே என்றால் மலைப் பக்கம். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மலையைக் காணோமே! நாலு பக்கமும் ஒரே சாம்பல் நிறம். எதிரே வந்த இளைஞனிடம் மேலே எது என்று கேட்டாள். அவன் மலை இருக்க வேண்டிய பக்கம் திரும்பி, சந்தேகம் வந்து மறுபக்கமும் திரும்பி, "தெரியல பாட்டி" என்றான். பாட்டியாமே! கால் வலிக்கிற பக்கம்தான் மேடு என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டு நடந்தாள். அன்றைக்கு அவளுக்கு எந்தப் பக்கம் போனாலும் கால் வலித்தது.

நல்லவேளை, பச்சைக் கேட் வந்துவிட்டது. வாசலில் கார்கள். மெய்ரம்பேக்கை மட்டும் காணவில்லை. குளிருக்கு எங்காவது டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். நடுவயதுக்காரி ஒருத்தி வந்து இவள் கையைப் பிடித்தாள்.

"வாங்கக்கா. இந்தக் குளிர்ல வந்திருக்கீங்களே."

கோட்டை வாங்கி, மற்ற கோட்டுகளின் குவியலில் போட்டார்கள். போனும் அதோடு போயிற்று. கூல்யாஷை அழைத்துப்போய்ப் பெரியவர்கள் உட்காரும் மேலிடத்தில் உட்காரவைத்து, பால் டீ ஊற்றி, ரொட்டியை முன்னால் தள்ளினார்கள். வந்தவள் வாயில் ஒரு வாய் போகுமுன் நீ யார் என்று கேட்கிற பழக்கம் எந்தக் கசாக் வீட்டிலும் கிடையாது. வந்தவளும் தானாகச் சொல்வதில்லை. மரியாதை என்றால் மரியாதைதான்.

ஆனால் கூல்யாஷுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சிரித்த முகம் ஒன்றுகூட இல்லை. தட்டு நிறைய, இறந்துபோனவர்கள் பெயரில் வெள்ளிக்கிழமை சுடுகிற எண்ணெய் ரொட்டி. இன்றைக்குச் சனியாச்சே! சம்பந்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. சரி, பேசித்தான் கரையேற்ற வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"நான் சொல்லக்கூடாது, ஆனா அவனை மாதிரி ஒருத்தனைப் பாக்க முடியாது. குடி கிடையாது. யாரையும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது."

"உண்மைக்கா" என்று பக்கத்திலிருந்தவள் கண்ணைத் துடைத்தாள். சுற்றிலும் விசும்பல் கேட்டது.

இவர்கள் அவனைப் பார்த்ததே இரண்டு தடவைதானே, இதற்கு அழுகை எதற்கு? பெண்ணைப் பிரிகிற துக்கமாக இருக்கும். கூல்யாஷுக்கும் கண் கலங்கிவிட்டது. டீ ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளை முக்காட்டுப் பெண்ணைப் பார்த்தாள். காதில் ஒன்றுமில்லை. இவள்தான் கல்யாணப் பெண் இங்கார். மெய்ரம்பேக் போனில் காட்டிய படத்தில் மூக்கு வேறு மாதிரி இருந்தது. இந்தக் காலத்துப் படத்தில் யார் மூக்கு சரியாக இருக்கிறது?

"கிட்ட வாடி கண்ணு."

வந்து குனிந்தாள். கூல்யாஷ் சட்டைப் பையிலிருந்து வெள்ளித் தோட்டை எடுத்து வலது காதில் மாட்டிவிட்டாள். வாசலில் கையைப் பிடித்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க என் வீட்டுக்காரருக்கு என்ன உறவு?"

"இனிமேதானே உறவு! அவரைக் கூப்பிடுங்க. சம்பந்தி முன்னாடிதான் இன்னொரு தோட்டை மாட்டணும்."

"அவரைப் புதைச்சு இன்னியோட நாப்பது நாளுக்கா."

கூல்யாஷ் கையிலிருந்த இன்னொரு தோட்டைப் பொத்திக்கொண்டாள். துக்க வீட்டில், தகப்பனைப் பறிகொடுத்த பெண் காதில், தோடு! தானே கழற்றினால் நிச்சயத்தை முறித்த பாவம். விட்டுவிட்டால் மெய்ரம்பேக் கதி? அவமானத்தில் அழுதேவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

அந்தப் பெண் தானாகவே தோட்டைக் கழற்றி, முக்காட்டு நுனியால் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க கழட்டினாத்தான் தப்பு. நானே கழட்டிட்டேன். அவங்க வீடு மேல இருக்கும்மா. நீங்க கீழ வந்துட்டீங்க."

கோட்டுக் குவியலிலிருந்து போனைத் தோண்டி எடுத்தபோது அது அலறிக்கொண்டிருந்தது. "அத்தை, எங்க இருக்கீங்க? இங்காரோட அப்பா கேட்டை மூடச் சொல்லிட்டாரு" என்றான் மெய்ரம்பேக்.

ஜன்சயா என்பது அந்தப் பெண்ணின் பெயர். "அப்பா கார் இருக்கு, வாங்க" என்றாள். தாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரின் மேல் பனி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அப்பா போனபிறகு யாரும் அதைத் தொடவில்லை என்று சொல்லிக்கொண்டே வழித்துத் தள்ளினாள். பெண் வீட்டுக் கார் வேண்டாம் என்றவள் தானே கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

இசாபேக் வீட்டு வாசலில் மெய்ரம்பேக் மூக்கு சிவந்து நின்றான். கார்ச் சத்தம் கேட்டு, மூடின கேட்டைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு பெண்ணின் பெற்றோர் வந்தார்கள். கூல்யாஷ் பஸ் பழுதாகிவிட்டது என்ற பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். அதற்குள் பெண்ணின் அம்மா ஜன்சயாவைப் பார்த்து, "நீயும் உள்ள வாம்மா, டீ குடிக்காம போகக்கூடாது" என்றாள்.

"நான் வரக்கூடாதும்மா. எங்க வீட்டுல இன்னிக்கு அப்பாவோட நாப்பது."

பொய்க்கு இடமில்லாமல் போயிற்று. கூல்யாஷ் நடந்ததைச் சொன்னாள், காதில் மாட்டியதையும் மறைக்கவில்லை. அம்மாக்காரி முகம் வெளுத்தது.

"சாவு வீட்டுல இன்னொருத்தி காதுல ஏறின தோடா? என் பொண்ணுக்கு வேண்டாம்."

"அவங்க உங்களை யாருன்னு கேக்கலியா?" என்றார் இசாபேக்.

"கேக்கலை. மேலிடத்துல உக்கார வெச்சு டீயும் ரொட்டியும் குடுத்தாங்க."

இசாபேக் கேட்டுக்கு வெளியே காலையிலிருந்து நின்ற பையனைப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து இங்கார் தலையில் ஒன்றும் போடாமல் பனியில் இறங்கி வந்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

"போடுங்க அத்தை."

கூல்யாஷ் விரல் விறைத்துப்போயிருந்தது. ஒரு தோட்டை எப்படியோ மாட்டினாள், மற்றது நழுவிக்கொண்டே இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஜன்சயா அதை வாங்கி மாட்டிவிட்டு, கொக்கி விழுந்ததா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு கார்ப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"நில்லும்மா" என்றார் இசாபேக். மெய்ரம்பேக்கைப் பார்த்து, "மாப்பிள்ளை, கேட்டோட அந்தப் பக்கத்துக் கதவையும் திற. கார் உள்ள வரட்டும்" என்றார்.