மூன்று நாள் இருட்டு

"தெரியாது" என்ற சொல்லை உபதேசியார் ஞானராஜ் வாயிலிருந்து சூசைபுரத்தில் ஒருவரும் கேட்டதில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டால், ரஷ்யாக்காரன் ராக்கெட் விட்டு வானத்தைக் கிழித்துவிட்டான் என்பார். மாட்டுக்கு ஏன் கழிச்சல் என்று கேட்டால் யூரியா என்பார். பெங்களூரில் ஒரு கன்னியர் மடத்தில் கொஞ்ச காலம் தோட்ட வேலை பார்த்துவிட்டு வந்து, மாதா கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஆனவர். அந்தக் கொஞ்ச காலத்தை வைத்தே ஆயுசுக்கும் பேசினார். கேட்கிறவர்களுக்கும் ஏதோ ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதானே. சரியா தப்பா என்று யார் உரசிப் பார்க்கப் போகிறார்கள்?

எண்பதாம் வருசம் மாசி அமாவாசையன்று சூரிய கிரகணம் என்று ரேடியோவில் சொன்னார்கள். வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள், கண் கெட்டுவிடும் என்றுதான் ரேடியோ சொன்னது. அது பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு வருவதற்குள் வெளியே தலை நீட்டினாலே கண் அவிந்துவிடும் என்று ஆனது. சந்தையிலிருந்து சூசைபுரத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆடு மாட்டுக்கும் கண் போகும் என்று ஆனது. அதற்கு மேல் வைத்தார் பாருங்கள் உபதேசியார் ஒரு வேட்டு!

"இது சாதா கெரகணம் இல்ல. மூணு நாள் இருட்டு. அர்ச்சிஷ்டவங்க, புனிதருங்கல்லாம் எப்பவோ சொல்லி வெச்சிட்டுப் போயிட்டாங்க. மந்திரிச்ச மெழுகுவத்தி மட்டுந்தான் எரியும். கரண்டு லைட்டு எரியாது, லாந்தர் எரியாது. பிசாசு நம்ம சொந்தக்காரங்க கொரல்ல வந்து கதவத் தட்டும். தொறந்தியோ, அந்த வூட்ல ஒரு உசுரு தங்காது."

கோயிலில் ஜெபமாலை முடிந்ததும் நின்ற வாக்கிலேயே இதைச் சொன்னார். மெழுகுவர்த்தித் திருநாளில் மந்திரித்து மிச்சமிருந்த வத்திகளை வீட்டுக்கு வீடு கொடுத்தார். பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்தபோது இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "நிலா குறுக்க வருது, ரெண்டு மணி நேரத்துல போயிரும், போய் வேலையப் பாருங்க" என்றார். அவர் வண்டி ஏரிக்கரை தாண்டியதும் உபதேசியார், "சின்ன வயசு. செமினரியில இதெல்லாம் சொல்லிக் குடுக்க மாட்டாங்க" என்றார். ஊரே தலையாட்டியது.

கஸ்பாருக்கும் தலையாட்ட வேண்டியிருந்தது. அவன் பெண்டாட்டி லூர்தம்மாள் நிறைமாதம். கல்யாணமாகி எத்தனையோ வருசம் காத்திருந்து, போகாத கோயிலெல்லாம் போய், கிடைத்த பிள்ளை. உபதேசியார் அவளுக்குப் பெரியப்பா. அப்பன் செத்த பிறகு அவர் மடியில் வளர்ந்தவள். பெரியப்பா சொன்னால் அது அவளுக்குப் பூசையில் வாசிக்கிற வாசகம். கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே வந்தால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று சுற்றுவட்டத்து இந்துக்களைப் போலவே சூசைபுரத்திலும் ஏற்கெனவே ஒரு பயம் இருந்தது. அதோடு மூணு நாள் இருட்டும் சேர்ந்துகொண்டது. ஒரு பயத்துக்கு ரெண்டு சாமி சாட்சி!

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே லூர்தம்மாளுக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி சாலம்மாள் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆம்பளப் புள்ள. அதான் மொறச்சிக்கிட்டு நிக்கறான். மத்தியானத்துக்குள்ள வந்துருவான்" என்றாள். மத்தியானம் வந்தது. பிள்ளை வரவில்லை. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியும் வரவில்லை. கிரகணத்துக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கஸ்பார் சொம்பை நீட்டினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சாலம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். காலையில் இருந்த வாய் இப்போது இல்லை.

"கஸ்பாரு, கை வந்துருச்சுப்பா. தலயக் காணம். ஒரு கை மட்டும் வெளிய வந்து நிக்குது."

"உள்ள தள்ள முடியாதா ஆயா?"

"என்னால ஆவாது. தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுக்கிட்டுப் போவணும்." அண்ணாந்து பார்த்தாள். "கெரகணம் உட்டதும் கெளம்பிருங்க."

கஸ்பாருக்குத் தன் ஆடு ஞாபகம் வந்தது. போன வருசம் அவன் பட்டியில் ஒரு ஆட்டுக்குக் கால் மட்டும் வெளியே வந்து நின்றது. விடியட்டும் என்று விட்டான். விடிந்தபோது ஆடும் இல்லை, குட்டியும் இல்லை. கிரகணத்தில் ஊனம் வரும் என்பது நிஜமா பொய்யா என்று அவனுக்குத் தெரியாது. மூணு நாள் இருட்டு வருமா வராதா, அதுவும் தெரியாது. இது மட்டும் தெரியும், காத்திருந்தால் செத்துப்போகும்.

மாட்டு வண்டியில் போனால் எப்போது போய்ச் சேர்வது என்று பக்கத்துக் காட்டுத் தீர்த்தகிரி வீட்டுக்கு ஓடினான். அவரிடம் டிராக்டர் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். உரலுக்குப் பக்கத்தில் தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி வைத்துவிட்டு, கிரகணம் விட்டால் தானாக விழுமாம், விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் தீர்த்தகிரி.

"அண்ணே, டிராக்டர எடுங்கண்ணே. லூர்துக்குக் கை வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"அடப்பாவமே! இந்நேரமா? அஞ்சு மணி ஆவட்டும், நானே ஓட்டியாறன்."

"அஞ்சு மணி வரைக்கும் தாங்காதுண்ணே!"

"கெரகணத்துல இஞ்சின ஸ்டார்ட் பண்ணா பிஸ்டன் புடிச்சிக்கும்பா. டீசலு கட்டியாப் போயிரும். கம்பெனிக்காரனே சொல்லியிருக்கான்."

"எந்தக் கம்பெனிக்காரண்ணே சொன்னான்?"

"எல்லாக் கம்பெனிக்காரனுந்தான்" என்றார் தீர்த்தகிரி, கொஞ்சமும் யோசிக்காமல். நல்ல மனுசன். அவன் வீட்டுக் கதிரடிப்புக்குக் கேட்காமலே வந்து நிற்கிறவர். காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அந்த நல்ல மனுசன் அசையவில்லை.

கஸ்பார் திரும்பி ஓடிவந்து தன் வண்டியிலேயே மாட்டைப் பூட்டினான், வைக்கோலைப் பரப்பினான், மேலே சமுக்காளத்தை விரித்தான். வெயில் ஏற்கெனவே மங்க ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குள் உபதேசியார் வந்து உட்கார்ந்திருந்தார். மெழுகுவர்த்தி எரிந்தது. சன்னல் கதவிடுக்கில் கந்தலை அடைத்திருந்தார்கள்.

"மாமா, வழிய உடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

"பைத்தியமாடா உனக்கு? இப்பத்தான் புடிக்குது. இந்நேரத்துல கதவத் தொறக்கறதே பாவம். புள்ளத்தாச்சிய வெளிய தூக்கிட்டுப் போறன்ற?"

"கை வந்து நிக்குது மாமா!"

"அது ஒண்ணுமில்ல. புள்ள வழி பாக்குது. வெளிய இருட்டுன்னு அதுக்குத் தெரியுது. அதான் நின்னிருக்கு. கெரகணம் உட்டதும் தானா திரும்பிக்கும். பெங்களூர்ல நா இது மாதிரி எத்தன பாத்திருக்கன்."

தோட்டக்காரர் எத்தனை பிரசவத்தைப் பார்த்திருப்பாரோ, மாதாவுக்கே வெளிச்சம். கஸ்பார் அவரைத் தாண்டிப் போய் லூர்தம்மாளைத் தூக்கக் குனிந்தான். அவள் வீட்டு நடுக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க! நா வரமாட்டன்!"

"லூர்து, சொல்றதக் கேளு. உசுரு போயிரும்."

"என் புள்ளக்கி ஊனம் வந்துரும். கை காலு வெளங்காமப் போயிரும். எத்தன வருசம் கழிச்சு வந்த புள்ளங்க! கெரகணம் உடட்டும். நா தாங்கிக்கறன். எவ்ளோ வலிச்சாலும் தாங்கிக்கறங்க."

அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். அவள் போட்ட கூச்சலில் சாலம்மாளே, "உட்ருப்பா, நரம்பு அறுந்துரும்" என்று அழுதாள். கஸ்பாரின் கை நின்றுவிட்டது. அவனுக்குள்ளும் ஒரு மூலையில் அந்தப் பயம் உட்கார்ந்திருந்தது. ஊரெல்லாம் ஒன்று சொல்லும்போது நான் ஒருவன் மட்டும் சரியாக இருக்க முடியுமா? தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளை ஊனமாகப் பிறந்தால் இவள் முகத்தில் எப்படி முழிப்பது? விட்டுவிட்டான். சுவரோரம் போய் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கோழிகள் வந்து கூடையில் அடைந்தன. பூட்டிய வண்டியில் மாடுகள் மணியை ஆட்டிக்கொண்டு நின்றன. உபதேசியார் அருள் நிறைந்த மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல, லூர்தம்மாள் ஒவ்வொரு வலிக்கும் "மாதாவே, மாதாவே" என்று அலறினாள். அலறல் இருக்கும் வரை கஸ்பாருக்கு உயிர் இருந்தது. அப்புறம் அது முனகலானது. அப்புறம் முனகலும் இல்லை. கம்பத்தைப் பிடித்திருந்த கை தானாக நழுவி விழுந்தது.

"பாத்தியா, அமைதி ஆயிட்டா" என்றார் உபதேசியார்.

கஸ்பார் எழுந்தான். என்ன செய்தான் என்று அவனுக்கே பிறகு சரியாக ஞாபகமில்லை. மெழுகுவர்த்தி உருண்டது, யாரோ வீறிட்டார்கள், அவன் கதவை உதைத்துத் திறந்துவிட்டான். லூர்தம்மாள் துணி மாதிரி அவன் தோளில் கிடந்தாள். "அய்யோ, பிசாச வூட்டுக்குள்ள உட்டுட்டானே, வூட்டுக்குள்ள உட்டுட்டானே!" என்று பின்னாலிருந்து உபதேசியார் கத்தினார். வெளியே பிசாசும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. பொழுது சாய்ந்த மாதிரி ஒரு மங்கல், கொஞ்சம் குளிர் காற்று. புளியமரத்தடியில் விழுந்த வெயில் பொட்டுகள் வெட்டிப் போட்ட நகம் போலக் கிடந்தன. சாலம்மாள் முந்தானையால் தலையை இறுக்கி மூடிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அந்த ஒன்றுக்காகவே அவளுக்குக் கோடிப் புண்ணியம்.

பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. கஸ்பார் மாட்டை அடித்த அடி, அதுவரை எந்த ஜீவனையும் அவன் அடித்திராத அடி. "லூர்து! ஏய் லூர்து! பேசுடி!" என்று கத்திக்கொண்டே ஓட்டினான். போகப் போக வெளிச்சம் வந்துவிட்டது. மூணு நாள் இருட்டு மூணு மைல்கூடத் தாங்கவில்லை. பாப்பாரப்பட்டியில் கடைக்காரர்கள் வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். தக்காளி ஏற்றும் வேன் ஒன்று அப்போதுதான் கிளம்பியது. அதன் முன்னால் போய்க் குறுக்கே படுத்துவிட்டான் கஸ்பார். டிரைவர் திட்டிக்கொண்டே இறங்கி, வண்டிக்குள் கிடந்தவளைப் பார்த்ததும் கூடைகளை ரோட்டில் இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்த பார்வையிலேயே தியேட்டருக்குத் தள்ளச் சொன்னார். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"உங்க வீட்டுக்காரி பிழைச்சிட்டாங்க. குழந்தை உள்ளயே இறந்துடுச்சு." அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கை வெளிய வந்த உடனே கொண்டுவந்திருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருப்பேன். ஏம்பா இத்தனை நேரம் வெச்சிருந்தீங்க?"

பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பெண் பிள்ளை. விரித்துப் பார்த்தான். வெளியே நின்ற கை மட்டும் கன்றிப் போயிருந்தது. மற்றபடி உதடு, காது, கால், விரல், எல்லாம் லட்சணமாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

மறுநாள் பூசை முடிந்த கையோடு உபதேசியார் பஸ் பிடித்து வந்துவிட்டார். ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார், அது பொய்யில்லை. லூர்தம்மாள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கட்டிலோரம் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"நா அப்பவே சொன்னன் கஸ்பாரு. கேட்டியா? கதவத் தொறந்தா ஒரு உசுரு தங்காதுன்னு சொன்னனா இல்லியா? கெரகணம் அடிச்சிருச்சு. நீ மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தா..."

கஸ்பாருக்கு ராத்திரியெல்லாம் நெஞ்சில் அடைத்துக் கிடந்த அத்தனையும் ஒரேயடியாகக் கிளம்பியது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான். வார்டே திரும்பிப் பார்த்தது.

"யோவ்! டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமாய்யா உனக்கு?"

"ஏங்க" என்றாள் லூர்தம்மாள்.

அவள் கண்ணைத் திறந்திருந்தாள். எத்தனை நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"டாக்டரம்மா காலையில நர்சுகிட்ட இங்கிலீசுல ஏதோ சொன்னாங்க. லேட்டு, லேட்டுன்னாங்க. லேட்டுன்னா எனக்குத் தெரியும்." அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "நீங்க மொதல்ல கூப்டப்பவே நா வந்திருந்தா புள்ள பொழச்சிருக்குமா? நாந்தான் கம்பத்தப் புடிச்சிக்கிட்டு வரமாட்டன்னன். நானே என் புள்ளயக் கொன்னுட்டனாங்க?"

கஸ்பாரின் பிடி தளர்ந்தது. கசங்கிய சட்டையை விட்டுவிட்டு அவள் பக்கம் போனான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பிள்ளை கிடைக்கிறதோ இல்லையோ, இவள் இந்தக் கேள்வியோடு எத்தனை வருசம் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்தான். அந்தக் கம்பமும் வீட்டின் நடுவிலேயே நிற்கிறது.

"லேட்டுன்னது ஆபரேசனச் சொன்னாங்க. அது ஒண்ணுமில்ல" என்றான். அவன் குரல் உபதேசியார் குரலைப் போலவே கணீரென்று வந்தது. "கெரகணந்தான் லூர்து. பெரியப்பா சொன்னதுதான் நெசம். உள்ளயே இருந்திருந்தா புள்ள தானா திரும்பியிருக்கும். நாந்தான் அவசரப்பட்டு இருட்டுல தூக்கியாந்துட்டன்."

"நாந்தான் சொன்னனே" என்றார் உபதேசியார் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு.

லூர்தம்மாள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "ஏங்க தூக்கியாந்தீங்க? நா வேணாம் வேணான்னு கதறுனனே! பாவி, ஏங்க என்னைத் தூக்கியாந்தீங்க?" தெம்பில்லாத கையை ஓங்கி அவனை அடித்தாள். அடி அவன்மேல் சரியாகப் படவில்லை. எக்கி அடித்தால் தையல் போட்ட வயிறு வலிக்குமே என்று, அவள் கைக்கு எட்டும்படி கஸ்பார் இன்னும் கொஞ்சம் குனிந்து நின்றான்.