உபால்டோவின் முகம் போட்ட பாய்

என் புருஷன் புர்யோ தன் மாமாவிடம் கேட்டு வாங்கி வந்த பழைய படகில் முதலில் குடியேறியவை எங்கள் கோழிகள்தான். மழைக்காலம் முடிந்ததும் அவற்றை விரட்டிவிட்டு வேலையில் இறங்கினோம். உளுத்த பலகைகளைப் பெயர்த்துவிட்டுப் புதியவற்றை அறைந்தான் அவன். விரிசல்களில் நான் பசை பூசினேன். பாதி படகில், பாதி என் தலைமுடியில். இரண்டு பக்கமும் மூங்கில் மிதவைகளை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நடுவில் பாய்மரமும் நிறுத்தியாயிற்று. பாய்தான் இல்லை.

"உன் பூப்போட்ட போர்வை போதும், லூமிங்."

"தொட்டுப் பாரு. அப்புறம் கோழியோடதான் படுக்கணும்."

பக்கத்து வீட்டு உபால்டோ ஊர்த் தலைவர் தேர்தலில் நின்று தோற்றவர். அன்றிலிருந்து சேவல் சண்டைக்குக்கூட வெளியே வருவதில்லை. அவருடைய பிளெக்ஸ் பேனர்கள் கொட்டகையில் சுருண்டு கிடந்தன. போய்க் கேட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. ஆனா என் மூஞ்சி கடலைப் பாக்கணும். கரைக்கு வெள்ளைப் பக்கம்தான் தெரியணும்."

"அப்படியே செஞ்சிடலாம், மனோங்" என்றேன். வயதில் மூத்த ஆணை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம், அண்ணன் என்பதுபோல.

எல்லா முகமும் ஒரே பக்கம் வரும்படி தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கரைக்கு வந்தது. கூட்டத்தின் பின்னால், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உபால்டோவும் நின்றார்.

நிலக்காற்றில் பாய் புடைத்தது. கரையோரமாகவே மேற்கே ஓடினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. புர்யோ வாய்விட்டுப் பாடினான். கடலுக்குள் நீண்ட நிலமுனை வரை போய்த் திரும்பினோம்.

கரையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எங்கேயோ உடைஞ்சிருக்கு, பாரு" என்றான் புர்யோ.

நான் அண்ணாந்து பார்த்தேன். திரும்பி வரும் படகுக்குப் பாயின் மறுபக்கம்தானே கரையைப் பார்க்கும்? அது எங்கள் மூவருக்கும் தோன்றவே இல்லை. ஆறு உபால்டோக்கள் ஊரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு வேகமா ஓடுவாருன்னு தெரிஞ்சிருந்தா ஓட்டுப் போட்டிருப்பேனே" என்று மீன்காரி பாசிங் கத்தினாள்.

உபால்டோ தொப்பியைக் கழற்றினார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அதற்குள் காற்று வலுத்துப் படகு கடல் பக்கம் சாய்ந்தது. "யாராவது கனமான ஆள் வாங்க, மிதவையில உக்கார" என்று புர்யோ கூவினான். ஊரில் உபால்டோவைவிடக் கனமான ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, கரைப் பக்க மிதவைக் கட்டையில் ஏறி உட்கார்ந்தார். படகு நிமிர்ந்துகொண்டது.

"இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளி உக்காருங்க, மனோங்."

"தள்ளினா கடல்தான் இருக்கு, புர்யோ."

மூவருமாக மறுபடி கடலுக்குள் போய்த் தூண்டிலைப் போட்டோம். மதியத்துக்குள் கூடை நிறைய மீன். கரையிலேயே சுட்டு, மிளகாய் ஊறிய புளிப்புக் காடியில் தொட்டுச் சோற்றோடு தின்றோம். உபால்டோ மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, விரலை நக்கியபடியே கேட்டார்:

"நாளைக்கு எப்பக் கிளம்புறோம்?"