ஒன்பதாவது ஆட்டம்

“தந்தி ராவே கெடச்சதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க காக்கா.”

“கெடச்ச புள்ள. நான் சொல்றதக் கொஞ்சம்...”

“கெடச்சும் நிண்டீங்களா! உம்மா மௌத்தாகிட்டா எண்டு தெரிஞ்சும்...”

“...கேட்டுப்போட்டு ஏசு. நான் ராவே வெளிக்கிட்டிருப்பன்...”

“வெளிக்கிட்டிருந்தா விடிய இஞ்ச நிண்டிருப்பீங்க! காலையில எடுக்க வேண்டிய மையத்து. பகல் லுஹறுக்கு மேல வெக்கேலா எண்டு மாமா நிண்டாரு. நான்தான் அழுது மண்டாடி பின்னேரம் அஸறு மட்டும் முகத்த மூடிக் கட்ட உடாம வெச்சிருந்த. நான்தான்!”

அண்ணனிடம் கத்திவிட்டு சுபைறா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இரவுத் தொழுகை இஷாவுக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. முற்றத்தில் பரப்பிய புது மணலில் மீராசா பையைக்கூட இறக்காமல் நின்றான். கொழும்பிலிருந்து பகல் முழுக்க பஸ்ஸில் வந்த முகம். அந்த முகம் வந்து சேர்வதற்குள் சல்மா உம்மாவை மையவாடியில் வைத்துவிட்டு ஆம்பிளைகள் திரும்பி, கால் கழுவி, கலைந்தும் போயிருந்தார்கள். உம்மாவின் தம்பி மீராமுகைதீன் மாமா மட்டும் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பெத்தவ மையத்தாக் கெடக்க, மகன் செஸ் விளாட நிண்டானாம்,” என்றார் மாமா. “அப்பிடி என்ன ராசாவக் காப்பாத்தப் போன நீ?”

“எனக்காக நிக்கல்ல மாமா. எட்வேட்டுக்காக நிண்ட.”

எட்வேட்டை இந்த வீட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெதடிஸ்ற் கோயிலடிப் பொடியன். மீராசாவோடு ஒரே வகுப்பு. பின்வளவில் பூவரச மரத்தடியில் இருவரும் பலகையை விரித்தால் அந்திபடும் வரை எழும்ப மாட்டார்கள். “குதிரையெல்லாம் நல்லா மேயுது. என்ட ஆட்டுக்கு ஆர் குழை ஒடிக்கிற?” என்று சல்மா உம்மா அகப்பையோடு வந்து நிற்பா. முதல் ஆளாய் ஒடிக்கப் போகிறவன் எப்போதும் எட்வேட்தான்.

“வெளிநாட்டாக்களும் வந்து விளாடின போட்டி,” மீராசா கீழே பார்த்தபடி சொன்னான். “இண்டைக்குக் காலையில கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும் விழுந்த. அத வெண்டா சர்வதேச மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய புள்ளி வந்திரும். எண்பத்தொண்டில மெட்ராஸில ஒருக்கா எடுத்தவன். இப்பிடி இன்னொருக்கா எடுத்தாத்தான் பட்டம்.”

“நீ வந்திருந்தா அவன்தானே வெற்றி? சும்மா கெடச்சிருக்குமே!”

“புள்ளி கெடைக்கும் மாமா, பட்டத்துக்குக் கணக்கில்ல. ஒம்பது ஆட்டமும் எதிர்ல ஆள் இருந்து விளாடின ஆட்டமா இரிக்கணும். நான் பஸ் ஏறினா அவனுக்கு எட்டுத்தான். பத்து வருஷமா அவன் பாத்திட்டிருந்த நாள்.”



“எட்வேட் அண்ணனுக்கு உம்மாட விஷயம் தெரியுமா?” சுபைறா கேட்டாள்.

“சொல்லல்ல. சொன்னா என்னக் கதிரையில இருக்க உடுவானா?”

“அப்ப வெண்டுட்டாரா?”

“இல்ல.”

“நீங்க வெண்டீங்களா?”

“சமன்.”

தூரத்தில் கடல் இரைந்தது. மாமா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

“அவன்ட பக்கம்தான் நல்லா இரிந்த,” என்றான் மீராசா. “எனக்குப் பலகையே தெரியல்ல, காய் தெரியல்ல. பாதியில நம்மட ஊரார் ஒருத்தர் ஹோலுக்குள்ள வந்து தோளப் புடிச்சி, ‘இன்னாலில்லாஹி... நீ இன்னும் போகல்லியா மகன்’ எண்டாரு. எட்வேட் நிமிந்து பாத்தான். என்னயே பாத்துக்கிட்டிருந்தான். மறுகா மேசைக்கு மேலால கைய நீட்டினான். ‘சமன். எழும்படா, பஸ்ஸுக்குப் போ’ எண்டான்.”

“நீங்க?”

“வேணாம், விளாடு எண்டு சொல்லியிருக்கணும். அதுக்குத்தானே நிண்ட.” அவன் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தான். “உம்மாட முகம் வந்திச்சி. கையக் குடுத்திட்டன் புள்ள.”

சுபைறா ஏசுவதற்கென்று பகலெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் நிறைய. அதையெல்லாம் விட்டுவிட்டுப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் குடிக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டான்.

விடிந்தது. சுபஹு தொழுததும் மீராசா மாமாவோடு மையவாடியில் உம்மாவின் கபுறடிக்குப் போனான். அடுத்த வீட்டார் கொடுத்தனுப்பிய சோற்றுச் சட்டியை மூடிவைத்துவிட்டு சுபைறா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை தரம் கழுவியும், உம்மாவைக் குளிப்பாட்டிய கைகளில் கற்பூர மணம் போகவில்லை. பின்வளவில் உம்மாவின் ஆடு முந்தாநாளிலிருந்து கவனிப்பாரற்றுக் கத்தியது.

கடப்பைத் திறந்துகொண்டு எட்வேட் வந்தான். இரவு பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். கண் இரண்டும் சிவந்து, சட்டை கசங்கிப் போயிருந்தது.

“வாங்கண்ணன். உள்ளுக்கு வந்து இரிங்க.”

“இரிக்கட்டும் தங்கச்சி. எங்க அவன்?”

“கபுறடிக்கு.”

அவன் தலையை ஆட்டினான். உள்ளே வரவில்லை. ஆடு கத்திய பக்கம் போனான். எட்டிப் பூவரசங் கொப்பொன்றை வளைத்து ஒடித்து ஆட்டுக்கு முன்னால் போட்டான். அது தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று சுபைறாவுக்கு இருந்தது. விளக்குமாற்றைச் சாத்திவிட்டு அவனருகே போனாள்.

“சனம் நெருக்கம். சீற்றும் கெடைக்கல்ல அவனுக்கு,” என்றான் எட்வேட், திரும்பாமலே. “ஃபுட்போர்ட்டில ஏத்தி உட்டுப்போட்டுத்தான் நான் மறுகா ஹோலுக்குப் போன. வழியெல்லாம் நிண்டுதான் வந்திருப்பான், என்ன? அது காரியமில்ல.”

கையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

“உம்மாட முகத்தப் பாத்தானா தங்கச்சி?”