கார்ட் ஐயாவின் முன்சீட்டு

கொட்டாஞ்சேனை றஹ்மானியா மோட்டர் கம்பெனியின் புக்கிங் மேசையில் உட்கார்ந்து பதினொரு வருஷமாக நுவரெலியாவை விற்றுக்கொண்டிருந்த றவூப், கடுகண்ணாவைக்கு அப்பால் ஒருநாளும் போனதில்லை. வளைவு என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு வயிற்றைப் பிரட்டும். ஆனால் வாய்க்கு அந்த வருத்தம் கிடையாது. "றம்பொடை ஏத்தத்துல பஸ் ஏறக்குள்ள மேகம் உங்கட மடியில வந்து குந்தும்" என்று அவன் ஒரு தரம் சொல்லிவிட்டால், கேட்டவர் நின்ற நிலையிலேயே டிக்கட் எழுதச் சொல்வார்.

இந்த வாய்க்கு மசியாத ஒரே ஆள் சுந்தரலிங்கம். ஐந்தாம் ஜோர்ஜ் ராசா காலமான வருஷம் அது. மாசி மாதமே வெள்ளவத்தையிலிருந்து வந்து, ஏப்ரல் சீசனின் முதல் பயணத்துக்கு முன்சீட்டுத்தான் வேண்டும் என்று நின்றார். பஸ் ஓட்டும் ஷோபருக்குப் பக்கத்து ஆசனம், கண்ணாடிக்கு நேரே. றவூப் வழக்கம்போல மேகத்தை எடுத்து விட்டான்.

"மேகத்தை எனக்குத் தெரியும் தம்பி" என்றார் அவர். "முப்பத்தொரு வருஷம் பதுளை றெயிலில கார்டாய் இருந்தனான். கடைசிப் பெட்டி, பின்னுக்குப் பாத்தபடி. எல்லா மலையும் என்னை விட்டிட்டுப் போறதைத்தான் கண்டனான். ஒரு மலையாவது என்னட்டை வாறதைப் பாக்கவேணும். வைகாசியில பென்சனோட ஊருக்குப் போறன். யாழ்ப்பாணத்தில ஏறுறதுக்குப் பனையைத் தவிர வேற என்ன இருக்கு?"

றவூப் முன்சீட்டில் அவர் பெயரை எழுதினான்.

டிக்கட்டை வாங்கிப்போகப் பங்குனியில் அவர் வந்த நாள்தான் பிழையாய்ப் போனது. கார்ட்மார் எல்லாருக்கும் ஒரு மிடுக்கு உண்டு: கடைசி ஆளாக ஏறுவார்கள், வண்டி நிற்குமுன் இறங்கிவிடுவார்கள். பென்சன் எடுத்தாலும் கால் பென்சன் எடுப்பதில்லை. கோட்டையிலிருந்து வந்த ட்ராம் வேகம் குறைத்ததுமே, மலைப் பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தோடு சுந்தரலிங்கம் ஒய்யாரமாக இறங்கினார். புதுச் சப்பாத்துக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை. றவூப் மேசையை விட்டு ஓடிப் போய்த் தூக்கினான். மனிதர் விழுந்த கிடையிலேயே பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்து நேரம் பார்த்தார். பிறகுதான் "அம்மா" என்றார்.

நுகேகொடைப் பக்கத்துச் சிங்கள முறிவு வைத்தியர் இடுப்பு முதல் குதிக்கால் வரை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எண்ணெய் ஊற்றலாம், பிரயாணமும் போகலாம். நாற்பத்தொரு நாளைக்கு முழங்காலை மட்டும் மடக்கக் கூடாது. சீசனின் முதல் பஸ் அவரில்லாமல் போனது. இரண்டாவதும் போனது. ஏப்ரல் கடைசியில் போகும் பஸ்ஸை விட்டால் மழை பிடித்துவிடும், கம்பெனி பஸ்ஸை வேறு பாதைக்கு மாற்றிவிடும். அந்தப் பயணமோ நாற்பத்தொன்றுக்கு ஐந்து நாள் முந்தி வந்தது.

கம்பெனியில் யாரும் சொல்லாமலே றவூப் கையில் ஒரு அளவு நாடாவுடன் வெள்ளவத்தைக்குப் போனான். கட்டிலில் கிடந்தவரின் காலை, சட்டை தைக்க வந்தவன் மாதிரி அளந்தான். நாற்பத்திரண்டு அங்குலம். திரும்பி வந்து பஸ்ஸை அளந்தான். முன்சீட்டில் இருபது அங்குலம் கூட இல்லை. அந்தக் காலத்து பஸ்ஸில் நடுவே வழி கிடையாது. குறுக்கே நீளப் பலகை வாங்குகள், ஒவ்வொரு வாங்குக்கும் பக்கத்தால் ஏறவேண்டும். வாங்குகளுக்கு இடையில் ஒரு மடித்த கால்தான் கொள்ளும். நீட்டிய கால் கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று இருந்தது. கடைசி வாங்குக்குப் பின்னால், சாமான் போடும் இடம். சாமானைக் கூரையில் ஏற்றிவிட்டு அங்கே ஒரு கதிரை போடலாம். ஆனால் பின்கதவு சங்கிலியில் தொங்குவது, அதில் சாய முடியாது. வாங்கின் முதுகில்தான் சாயவேண்டும். காலைக் கதவுப் பக்கம் நீட்டவேண்டும். முகமும் அந்தப் பக்கம்தான்.

மறுநாள் அதைச் சொன்னபோது சுந்தரலிங்கம் கட்டிய காலைப் பார்த்தார்.

"அப்ப திரும்பவும் கார்ட் பெட்டிதான்."

"ஐயா, மல எந்தப் பக்கம் பாத்தாலும் மலதானே" என்றான் றவூப். சொன்னவனுக்கே அது கூசியது.

"நீர் போய்ப் பாத்தனீரோ?"

றவூப் பொய் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். "இல்ல ஐயா."

அவர் கோபிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "முன்சீட்டை வேற ஆருக்காவது குடும் தம்பி. என்னை விட்டிட்டுப் போற மலையே எனக்குக் காணும், அது போதும்."

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை றவூபுக்கு அதே நினைவு. எத்தனையோ பேருக்கு மலையை விற்றிருக்கிறான். மலை வேண்டும் என்று உண்மையாகக் கேட்ட ஒரு மனிதனுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று துக்கமாக இருந்தது. அந்தத் துக்கத்தோடு மேசையில் குந்தினால், எதிரே ஷோபர் இஸ்ஸதீன் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தான்.

"றவூப் நானா, கடைசி ட்ரிப்புக்கு நான் போகமாட்டேன். கிளீனர் பொடியனுக்கு அம்மை போட்டிரிக்கி. நீள பஸ்ஸு. றம்பொடையில எட்டு வளைவு ஒரே எடுப்புல திரும்பாது, பின்னுக்கு எடுத்துத்தான் திருப்பணும். பின்னுக்குப் பாத்துச் சொல்ல ஆள் வேணும். வளைவுல பின்னுக்கு என்ன இரிக்கி தெரியுமா? ஒண்டுமில்ல! ஆயிரம் அடிக்கு ஒண்டுமில்ல!"

றவூப் மெல்ல நிமிர்ந்தான்.

"எட்டுத் தரம் பின்னுக்கு எடுக்கிறியா?"

"ஓ. எடுக்காம பறக்கிறதா?"

"பின்னுக்கு எடுக்கக்குள்ள, பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் முன்பக்கம்?"

றவூப் நானாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று இஸ்ஸதீன் நினைத்தான். அதற்குள் றவூப் தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

பஸ் பின்னுக்கு வரும் எட்டு வளைவிலும் பார்த்துச் சொல்ல ஐயாதான் வேண்டும் என்று வெள்ளவத்தையில் மூச்சு வாங்க வாங்க அவன் சொல்லி முடித்தபோது, சுந்தரலிங்கம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நான் நிப்பாட்டச் சொன்னா ஷோபர் நிப்பாட்டுவானோ?"

"விசில் ஊதினா நிக்கும் ஐயா. ஒரு நீளம் ஊதினா பின்னுக்கு வரும். ரெண்டு தரம் கட்டையா ஊதினா நிக்கும்."

"பாக்கியம்!" வீடு அதிர்ந்தது. "என்ரை விசில் எங்கை?"

அவர் மனைவி பாக்கியலெட்சுமி அலுமாரியிலிருந்து விசிலை எடுத்து வந்தார், கேட்காமலே பச்சைக் கொடியையும் சேர்த்து. கொடுத்துவிட்டு றவூபைப் பார்த்தார். "தம்பி, நீங்களும் பக்கத்தில போகவேணும். இந்த மனுசன் பஸ் நிக்கமுன்னம் குதிச்சாலும் குதிக்கும்."

றவூபுக்கு எட்டு வளைவும் அங்கேயே கண்முன் வந்தன. இல்லையென்று சொல்லத்தான் அவனுக்கு முகம் வரவில்லை.

பயண நாளன்று கார்ட் ஐயா பழைய யூனிபோம் கோட்டோடு வந்தார். சாமான் இடத்தில் கதிரை போட்டு, தலையணை வைத்து, மூங்கில் காலை நீட்டி அவரை அமர்த்தினார்கள். பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் றவூப், குமட்டாமல் இருக்க மூக்கில் தேசிக்காயைப் பிடித்தபடி. கடுகண்ணாவைக்கே கண்ணை மூடிவிட்டான். கண்டி போனது, புசல்லாவை போனது. பின்னால் மலைகள் ஒவ்வொன்றாய் விலகிச் சின்னதாகிக்கொண்டே இருந்தன.

றம்பொடையின் முதல் வளைவில் பஸ்ஸின் மூக்கு மண்மேட்டில் முட்டுகிற மாதிரிப் போய் நின்றது.

"கார்ட் ஐயா!" என்று முன்னாலிருந்து இஸ்ஸதீன் கத்தினான்.

ஒரு நீள விசில். பஸ் பின்னுக்கு வந்தது.

அப்போது பள்ளத்தாக்கு முழுவதும் எழும்பி அவரை நோக்கி வந்தது. அருவி, தேயிலைச் சரிவு, அதற்கப்பால் நீலமாக மலைக்குப் பின்னால் மலை, எல்லாமே கிட்டக் கிட்ட, பெரிசு பெரிசாக வந்தன. விசில் வாயிலே இருந்தது. அதற்குள் மூச்சுப் போகவில்லை. கார்ட் ஐயாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

கண்ணை இறுக்கி மூடியிருந்த றவூபுக்குக் கேட்கவேண்டிய இரண்டு கட்டை விசில் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தான். கதவுக்கு அப்பால் இஸ்ஸதீன் சொன்ன அந்த ஒன்றுமில்லாதது இருந்தது.

"ஐயா!"

இரண்டு விசில் பறந்தது. பஸ் குலுங்கி நின்றது. ஓரக் கல்லுக்கு ஒரு முழம் மிச்சம்.

"பயப்பிடாதையும், பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றார் கார்ட் ஐயா, அழுகையும் சிரிப்புமாக. "வருது தம்பி! எல்லாம் என்னட்டை வருது!"

இரண்டாம் வளைவுக்குள் பயணிகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மூன்றாவதில் எல்லாரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் பார்த்தார்கள். ஐந்தாவதில் விசில் சத்தத்துக்கு முழு பஸ்ஸும் கைதட்டியது. ஏழாவதில் றவூபின் தேசிக்காய் எங்கேயோ உருண்டு போயிருந்தது; அவன் தேடவில்லை. பதினொரு வருஷமாகத் தான் சொல்லிவந்த பொய்யெல்லாம் உண்மையைவிடக் குறைச்சலாக இருப்பதைப் பார்த்து அவனுக்கு வெட்கமாகவும் ஆனந்தமாகவும் இருந்தது.

எட்டாவது வளைவும் திரும்பியாகிவிட்டது. பாதை நேரானது. மலைகள் மறுபடியும் விலகத் தொடங்கின. கார்ட் ஐயா விசிலை லேஞ்சியால் துடைத்துக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"முடிஞ்சுது" என்றார். "எட்டுத் தரம். காணும் தம்பி."

காணும் என்று சொன்ன முகத்தில் அது காணவில்லை. றவூப் எழும்பி வாங்கின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"இஸ்ஸதீன்! நிப்பாட்டு! பின்னுக்கு எடு!"

"என்னத்துக்கு நானா? ரோட்டு நேராத்தானே இரிக்கி!"

"இங்க ஒராளுக்கு வளைவு பத்தல்ல!"

பஸ் நின்றது. பிறகு கியர் கரகரவென்று மாறியது.

"கார்ட் ஐயா, பின்னுக்குப் பாத்துச் சொல்லுங்க!"

சுந்தரலிங்கம் விசிலை மறுபடி எடுத்து, நெஞ்சு நிறைய ஒரு நீள ஊது ஊதினார். நேர்ப் பாதையில், எந்தக் காரணமுமில்லாமல், நீள பஸ் பின்னுக்கு நகர்ந்தது. மலைகள் திரும்பி வந்தன. இரண்டு கட்டை விசில் ஊதினால்தான் பஸ் நிற்கும். கார்ட் ஐயாவுக்கு அந்த எண்ணமே இல்லை. றவூபும் ஞாபகப்படுத்தவில்லை.