சகலை கை காட்டினான்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். அதற்கு நாகரிகமான வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. பால் வேன் ஓட்டிக்கொண்டிருந்த நான், பெரிய லாரிக்கு லைசென்ஸ் எடுக்கப் போவதாக மாமியார் வீட்டில் சாப்பிடும்போது ஒரு வார்த்தை விட்டேன். அடுத்த வாரமே அவனும் அதே பயிற்சிப் பள்ளியில் வந்து நிற்கிறான். அதுவரை செல்போன் கடையில் உடைந்த திரை மாற்றிக்கொண்டிருந்தவன். கடையை மூடிவிட்டார்களாம்.

"நீங்க இருக்கற தைரியத்துலதாண்ணே வந்தேன்" என்று பல்லைக் காட்டினான்.

லைசென்ஸ் இரண்டு பேருக்கும் வந்தது. சரக்கு லாரி கம்பெனி ஒன்றில் புது டிரைவர் தேவை என்று தெரிந்து நான் மனுப் போட்டேன். அவனும் போட்டான். இருந்தது ஒரே ஒரு இடம். நான் ஓட்டிய பால் வேனை மாதக் கடைசியோடு நிறுத்தப் போகிறார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தும் போட்டான் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

கம்பெனி வைக்கும் டெஸ்டில் லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிச் சோதிக்க வேண்டும். நான் கட்டிலைச் சுற்றி வந்து பழகினேன். "டயர் சரி, நட்டு சரி, விளக்கு சரி, காத்துக் குழாய் சரி" என்று தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, கட்டில்ல காத்து இறங்குதான்னும் பாத்துடுங்க. உங்க பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் கிடக்கு."

"உன் தங்கச்சி புருஷன் இப்படிப் பழகினா மட்டும் எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்வீங்க."

"நான் அவர் பேச்சையே எடுக்கலையே! உங்களுக்குத்தான் எதைத் தொட்டாலும் அங்க போய் நிக்குது."

மறுபடி தலைமாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

லாரியில் கஷ்டமான வேலை, பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் டிரெய்லர் மறுபக்கம் போகும். இதைப் புரிந்துகொள்ள, மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பென்சில் டப்பாவையும் மருந்துப் பெட்டியையும் ரப்பர் பேண்டால் இணைத்து இரண்டு பேரும் தள்ளிப் பார்த்தோம். நான் தள்ளினால் மருந்துப் பெட்டி மடங்கிக்கொண்டது. அவன் இரண்டு விரலால் தள்ளி, சர்க்கரை டப்பாவுக்கும் தண்ணீர்க் கூஜாவுக்கும் நடுவில் அழகாகக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"சின்ன மாப்பிள்ளைக்கு என்ன கைராசி!" என்றார் மாமியார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய மாப்பிள்ளையும் நல்லாத்தான் தள்ளினாரு, மேசைதான் வழவழன்னு இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். அந்தச் சமாதானம்தான் என்னைக் கொன்றது.

பயிற்சிப் பள்ளியின் நிஜ லாரியிலும் அதே கதைதான். அவன் ஒரே மூச்சில் கோடுகளுக்குள் நிறுத்துவான். நான் முன்னும் பின்னும் போய், வேர்த்து விறுவிறுத்து இறங்குவேன். வருஷக்கணக்காக ஸ்டியரிங் பிடித்த கை என்னுடையது. நேற்றுவரை ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை அவனுடையது. எங்கே போய் முட்டிக்கொள்ள?

டெஸ்ட் அன்று கம்பெனி யார்டில் எங்களுக்காகக் காத்திருந்தது ஒரு பெண்மணி. வெயிலில் காய்ந்த முகம், கழுத்தில் விசில். நீண்ட காலம் லாரி ஓட்டியவராம். லாரியைச் சுற்றி வருவதை இரண்டு பேருமே நன்றாகச் செய்தோம். சக்கரத்துக்கு அடியில் அவர் வேண்டுமென்றே விட்டு வைத்திருந்த தடுப்புக் கட்டையை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். மனசு கொஞ்சம் குளிர்ந்தது. சாலையில் ஓட்டிக் காட்டியதிலும் என்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன்தான் ஒரு திருப்பத்தில் கியர் மாற்றத் திணறினான். இந்த வேலை எனக்குத்தான் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

திரும்பி வந்ததும் அவர் சொன்னார்: "இப்ப ரிவர்ஸ். சரக்கு ஏத்தற மேடைக்கு டிரெய்லரோட பின்பக்கம் ஒட்டி நிக்கணும். ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் பின்னாடி நின்னு கை காட்டணும். எங்க வேலையில தினம் இதுதான்."

முதலில் அவன் ஏறினான். நான் பின்னால், அவன் கண்ணாடியில் தெரியும்படி டிரைவர் பக்கமாக நின்றேன். டிரெய்லர் மெதுவாக வளைந்து வந்தது. மேடைக்கு ஓரத்தில் ஒரு இரும்புத் தூண். என் கை அரை வினாடி தாமதித்து 'நிறுத்து' என்று காட்டினால் போதும், மூலை அதில் உரசிவிடும். உரசினால் வேலை என்னுடையது. கையைத் தூக்கியபடி நின்றேன். நல்லவனாக இருக்கப் போகிறேனா, கெட்டவனாகவா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குள் லாரி நின்றது. கதவைத் திறந்து அவனே இறங்கி வந்தான். தூணைப் பார்த்தான், இடைவெளியைப் பார்த்தான், லாரியின் மறுபக்கமும் போய் எட்டிப் பார்த்தான்.

"நான்தான் இங்க நிக்கறேனே, என்னை நம்ப மாட்டியா?" என்றேன். என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

"ஐயோ, அதில்லண்ணே. உங்களுக்குத் தெரியறது எனக்குத் தெரியல. அதான் ஒரு தடவ பாத்துக்கலாம்னு."

மறுபடி ஏறி, மேடையோடு ஒட்டி நிறுத்தினான். இந்த முறை நான் ஒழுங்காகத்தான் கை காட்டினேன். அவன் பார்த்துவிட்ட பிறகு வேறு என்ன செய்ய முடியும்?

என் முறை வந்தது. கண்ணாடியில் அவன் தெரிந்தான், கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, 'வாங்க வாங்க' என்று. எனக்குள் இருந்த நினைப்பு அவனுக்குள்ளும் இருக்கும்தானே? அவன் என்ன, வேறு மண்ணிலா பிறந்தான்? அந்தக் கை எங்கே ஏமாற்றும் என்று கண்கொட்டாமல் கவனித்தேன். விரல் மடங்குகிறதா, முகத்தில் சிரிப்பு வருகிறதா, பார்வை தூணுக்குப் போகிறதா என்று. டிரெய்லர் வளைந்தது. அதைத் தொடர்ந்து நானும் ஸ்டியரிங்கை ஒடித்தேன். அவன் கை ஏமாற்றவில்லை. ஒரு நூல் பிசகாமல் காட்டியது. பின்பக்கம் மேடைக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் முன்னால் மறுபக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். விசில் ஊதியது.

இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். டிரெய்லர் பின்னால் சரியாகத் திரும்பியிருந்தது. ஆனால் கேபினின் மூக்கு மறுபக்கமாக வீசிப் போய், எல்லைக்கு வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளில் ஒன்றைச் சாய்த்து, பம்பருக்கு அடியில் நசுக்கி வைத்திருந்தது. அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சகலை பின்னாலிருந்து ஓடி வந்தான். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணே, பின்னாடி நின்னா முன்பக்கம் தெரியலண்ணே. சத்தியமா தெரியல. மேடம், என் தப்பு மேடம், நான் சொல்லியிருக்கணும்."

"உங்க தப்பு இல்ல" என்றார் அவர். "பின்னாடி நிக்கறவர் பின்பக்கத்ததான் பாப்பார். முன்னாடி பாக்கறது ஓட்டறவர் வேலை. நீங்க திங்கக்கிழமை வந்து சேருங்க."

அவன் சந்தோஷப்படக்கூடத் தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் குனிந்து அந்தக் கூம்பை இழுத்தேன். அது வரவில்லை. அவனும் குனிந்து ஒரு கை கொடுத்தான்.

அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அதனால் இன்னும் வலித்தது.

"சாலையில நீங்கதான் நல்லா ஓட்டறீங்கன்னு நினைச்சேன். இந்தப் பக்கம் ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தாலும் கூம்பு தெரிஞ்சிருக்கும். பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவகூடவா? அவ்வளவு நேரமும் அப்படி எதத்தான் பாத்துட்டு இருந்தீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சகலை பக்கத்திலேயே நின்று, நசுங்கிய கூம்பைத் தட்டித் தட்டி நிமிர்த்த முயன்றுகொண்டிருந்தான்.

"இவனைத்தான் மேடம்" என்றேன்.