மெரூன் ஃபிரேம்

கதவைத் திறந்த மகள் "வாங்க" என்று சொல்ல வந்து, "வா"வோடு நின்றுவிட்டாள். கண்ணாடிக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சிரைத்தது. பக்கத்தில் நின்ற லைப்ரரியம்மாவுக்கும் அப்படித்தான். சிரித்த முகத்தோடு மகள் வரவேற்பாள் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டதே பெரிய விஷயம். இந்த அம்மாவோடு பழகுவது தெரிந்ததிலிருந்து மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாமல், போனில் "மாத்திரை போட்டீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துக்கொண்டிருந்தவள், போன வாரம்தான் கொஞ்சம் இறங்கி வந்து, "சரி, அவங்களையும் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றிருந்தாள். அந்தப் 'பாக்கலாம்' என்ற ஒரு வார்த்தையை நம்பி மனுஷர் புதுச் சட்டை எடுத்துவிட்டார். இந்த ஒரு சாப்பாடு நல்லபடியாக முடிந்துவிட்டால் மகளும் தன்னோடு இருப்பாள், இந்த அம்மாவும் இருப்பார் என்பது அவர் கணக்கு. இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் அவரால் முடியாது.

ஆயுசு முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு கடையில் உட்காரப் பிடிக்காமல் வேலைக்கு இருந்தவருக்கே அதை விற்றுவிட்டு, பொழுதுபோகாமல் லைப்ரரிக்குப் பேப்பர் படிக்கப் போனார். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய கண்ணாடியைத்தான் பார்த்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கோணலாக உட்கார்ந்திருந்தது. கடையை விட்டாலும் கை சும்மா இருக்குமா? பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரி ஓடாமல் பல நாள் தவித்தார். கடைசியில் ஒருநாள் எழுந்து போய், "தப்பா நினைச்சுக்காதீங்க, அத ஒரு நிமிஷம் கழட்டித் தர்றீங்களா" என்று கேட்டேவிட்டார். பிளாஸ்கிலிருந்த வெந்நீரில் கண்ணாடியின் காதுக் கம்பை நனைத்து, இதமாக வளைத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டார். விரல் அந்த அம்மாவின் காதில் பட்டது. அந்த வயதில் தன் காது மடலும் சிவந்துபோனதை அவர் யாரிடம் சொல்ல முடியும்? லைப்ரரியம்மா ஓய்வு பெற்ற பிறகும் பேச்சு நிற்கவில்லை. பூங்கா பெஞ்சுக்கு இடம் மாறியதுதான் மிச்சம்.

வினை முந்தாநாள் வந்தது. முகம் கழுவுவதற்காக நாற்காலியில் கழற்றி வைத்த கண்ணாடிமேல் லைப்ரரியம்மா தானே உட்கார்ந்துவிட்டார். ஃபிரேம் இரண்டு துண்டு, லென்ஸ் மட்டும் தப்பித்தது. நல்ல கனமான லென்ஸ், அது இல்லாமல் அந்த அம்மாவுக்கு எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாது. புது லென்ஸ் வர ஒரு வாரம் ஆகும், சாப்பாடோ நாளை மறுநாள். இருக்கிற லென்ஸைத் தேய்த்துச் சின்னதாக்கலாம், பெரிதாக்க முடியாது. அதற்குச் சின்ன வட்ட ஃபிரேம் வேண்டும். இப்போது கடைகளில் எல்லாம் ஜன்னல் கதவு அளவில்தான் வைத்திருக்கிறார்கள். தேடித் தேடி, கடைசியில் தன் படுக்கையறை இழுப்பறையில் கண்ணாடிக்காரருக்குக் கிடைத்தது, மனைவி போட்டிருந்த மெரூன் ஃபிரேம். யோசிக்காமல் எடுத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நீ கோவிச்சுக்க மாட்டே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவேயில்லை. பழைய கடைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து மாட்டினார். அளவெடுத்துச் செய்ததுபோல அமைந்துவிட்டது. ஏது என்று லைப்ரரியம்மா கேட்டதற்கு, "என்கிட்ட இருந்தது" என்றார். அதுவும் பொய்யில்லை.

சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை நல்ல மாதிரியாகப் பேசிக்கொண்டிருந்தார். லைப்ரரிப் புத்தகத்துக்குள் பக்க அடையாளத்துக்காகச் சீப்பை வைத்துத் திருப்பிக் கொடுத்தவர் கதையை லைப்ரரியம்மா சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். மகள் தட்டைத் தொடவில்லை. அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் அதைப் பிடித்துப்போய்ப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம்.

"கண்ணாடி எப்படிப் பொருந்தியிருக்கு பாத்தியாம்மா? நானே போட்டது."

மகள் அவர் பக்கம் திரும்பவில்லை. லைப்ரரியம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அது எங்க அம்மாவோடது."

"லென்ஸ் இவங்களோடதுதான்மா," என்று அவர் அவசரமாகப் பூசி மெழுகப் பார்த்தார். "ஃபிரேம் மட்டும்தான்..."

"அதப் போட்டுக்கிட்டுத்தான்ப்பா அம்மா என்னைப் பாப்பாங்க."

குரல் உடைந்துவிட்டது. மாப்பிள்ளை தண்ணீர் டம்ளருக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்காரருக்கு உயிரே போனது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டவருக்கு, இப்போதுதான் வாசலில் மகள் யாரைப் பார்த்து நின்றாள் என்று விளங்கியது. தன்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

லைப்ரரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். கம்புகளை மடக்கி, மேஜைமேல் வைத்துத் தள்ளினார். திசை தெரியாமல் அது மாப்பிள்ளை பக்கமாகப் போனது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

மகள் எட்டி எடுத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாத அந்த முகத்தில், மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. சாப்பாட்டைத் தொடர்வதா எழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

"இப்ப உங்களுக்குக் கண்ணு தெரியுதா?" என்று மகள்தான் கேட்டாள்.

"ஜன்னல் தெரியுது. நீ உக்காந்திருக்கிறது தெரியுது. அழறியான்னு தெரியல."

மகள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல," என்றாள்.

அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. கிளம்பும்போது, லைப்ரரியம்மாவின் கையைப் பிடிக்கக் கண்ணாடிக்காரர் முன்னால் போனார். மகள் அவரை ஒதுக்கிவிட்டாள்.

"நீங்க விடுங்கப்பா. உங்களுக்கே முட்டி வலி. ரெண்டு பேருமா சேர்ந்து உருளப் போறீங்க."

அவர் கையில் அந்த அம்மாவின் கைப்பையைத் திணித்தாள். அது கோபமா இல்லையா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கண்ணாடி மகள் கையில்தான் இருந்தது. அதைத் தருவாளா, தானே வைத்துக்கொள்வாளா, நாளைக்குப் போன் செய்தால் எடுப்பாளா, ஒன்றும் தெரியவில்லை.

முதல் படியிலேயே லைப்ரரியம்மாவின் கால் காற்றில் துழாவியது. கண்ணாடி ஒரு கையில் இருக்க, மகளுக்கு அவரைப் பிடிக்க இன்னொரு கை மட்டும் போதவில்லை. மகள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கண்ணாடியை விரித்துத் தன் தலைமேல் முடிக்குள் செருகிக்கொண்டு, ஒரு கையை அந்த அம்மாவின் தோளைச் சுற்றிப் போட்டு, இன்னொரு கையால் அவர் விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

"படி... இன்னொண்ணு... அவசரமில்ல, மெதுவா வைங்க. இங்க திரும்பணும்."

கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் பின்னால் இறங்கினார். மேலிருந்து பார்க்க, மகளின் கறுத்த தலையில் அந்த மெரூன் ஃபிரேமும், அதை ஒட்டினாற்போல் குனிந்த ஒரு நரைத்த தலையும், ஒவ்வொரு படியாகச் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன.