பவாஸ் கராஜுக்குக் கீழே இருந்த தண்ணீர்

பலாபத்வலையில் பவாஸின் கராஜுக்குக் கீழே மண்ணில் ஊறிக் கிடந்த டீசல், ரஜனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் எழுந்து ஒதுங்கிவிடும். அவள் திரும்பிப் போனதும் பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொள்ளும். 2018இல் கராஜின் நிலத்தடி டீசல் தாங்கி வெடித்துக் கசிந்ததிலிருந்து இப்படித்தான். பவாஸ் எதையும் மறைக்கவில்லை, தானே மாவட்ட நீர்க் காரியாலயத்துக்குப் போய்ச் சொன்னான். அவர்கள் கராஜைச் சுற்றி நான்கு கண்காணிப்புக் குழாய்களை இறக்கினார்கள். பின்சுவருக்கு அப்பால் இருந்த அபீபாவின் கிணற்றை ஐந்தாவது இடமாகக் குறித்துக்கொண்டார்கள். மாவட்டத்துக்கு இருந்த ஒரே நீர்ப் பரிசோதகர் ரஜனி. இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து படித்து வேலைக்கு வந்தவள். பார்த்ததைத் தவிர வேறெதையும் படிவத்தில் எழுதமாட்டாள்.

அபீபா இடியப்பம் அவித்து வீதியோரக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். டீசல் வாடை அடிக்கிறது என்று கடைகள் ஒவ்வொன்றாக நிறுத்தின. மகள் ஜஸ்லாவின் கைகளில் தோல் உரிந்தது. ஒரே ஒரு பரிசோதனையில் எண்ணெய் காட்டினால் போதும், குழாய்த் தண்ணீர் தருகிறோம் என்று காரியாலயம் சொல்லியிருந்தது. ஆனால் மாதத்தின் முதல் வியாழக்கிழமை ரஜனி நூலில் கட்டிய பரிசோதனைக் குழலோடு கிணற்றடிக்கு வரும்போது, நீலமும் ஊதாவுமாகப் படர்ந்திருந்த எண்ணெய் பாயைப்போலச் சுருண்டு, கிணற்றுச் சுவரின் வெடிப்புக்குள் புகுந்துகொள்ளும். அவள் அள்ளுவது பிள்ளைக்குப் புகட்டக்கூடிய தண்ணீர். அவளுடைய பஸ் வளைவில் மறைந்ததும் வாடை திரும்பிவிடும்.

ரஜனி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தாள். கல்யாணத்துக்குப் போகிறவள்போலப் பட்டுச்சேலை கட்டி ஞாயிற்றுக்கிழமையில் வந்து பார்த்தாள். அபீபாவிடம் போத்தலைக் கொடுத்து அள்ளி வைக்கச் சொன்னாள். அது ரஜனியின் கை பட்டதும் தெளிந்தது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று காரியாலயத்தில் கேட்டாள். ஆள் இல்லை என்றார்கள். குறிப்புப் பகுதியில், "எண்ணெய் என்னைக் கண்டால் போய்விடுகிறது" என்று எழுதினாள். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் வெட்டி, "அவதானித்ததை மட்டும் எழுதவும்" என்று திருப்பி அனுப்பினார். அவள் அவதானித்ததே அதைத்தான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து பெற்றோல் ஷெட்டுகளில் மைல்கணக்கில் வரிசை நின்றபோது, பல்லேகமவிலிருந்துகூட ஆட்கள் கேன்களோடு வந்து அபீபாவின் கிணற்றில் டீசல் அள்ளி டிராக்டர் ஓட்டினார்கள். அந்த வருடமும் ரஜனி வியாழக்கிழமை தவறாமல் வந்தாள். கிணற்றடியில் கேன்களோடு நின்றவர்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். அவள் படிவத்தில் பூச்சியம் என்று எழுதிவிட்டுப் போனாள்.

ஆறாவது வருடம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அபீபாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்க வந்தா தண்ணி, போனா டீசல். இத்தன வருஷமா என்னத்த மிஸ் எழுதுறீங்க? எங்கட புள்ளட கைய எழுதுனீங்களா?"

"அதுக்குப் படிவத்துல இடமில்லக்கா," என்றாள் ரஜனி. "எனக்கு மட்டும் தெரியாதா? எனக்கும் வெறுத்துப் போச்சு." குழலைக் கிணற்றுக்குள் வீசி எறிந்தாள். கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. அபீபா அவளைப் பார்த்தாள், பிறகு தெளிந்து கிடந்த கிணற்றைப் பார்த்தாள். வாளியை இறக்கினாள். குடம், சட்டி, அண்டா, ஜஸ்லாவின் குளியல் வாளி எல்லாம் நிறைந்தன. பக்கத்து வீட்டாரும் வந்து அள்ளினார்கள். பொழுது சாயும் நேரத்தில் ரஜனி போனாள். கிணறு மறுபடி நாறியது. ஆனால் அள்ளி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. தொடர்ந்த எல்லாப் பரிசோதனைகளிலும் நிலத்தடி நீர் சுத்தமாக இருந்தபடியால் கண்காணிப்பு நிறுத்தப்படுகிறது, குழாய்த் தண்ணீருக்கு அவசியமில்லை. நான்கு குழாய்களின் வாயையும் சிமெந்தால் அடைத்தார்கள். பவாஸ் கடிதத்தை அபீபாவின் கையில் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றான்.

அந்தச் சனிக்கிழமை, தன் லீவு நாளில், ரஜனி கையில் எதுவுமில்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கிணற்றடிக்கு வந்தாள்.

"சீக்கிரம் அள்ளுங்கக்கா. நாலு மணிக்கு நான் போகணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறாள். ஜஸ்லாவின் கைகள் ஆறிவிட்டன; இரண்டு கடைகள் மறுபடி இடியப்பம் எடுக்கின்றன. குழாய்த் தண்ணீர் கேட்டுக் காரியாலயத்துக்கு அவள் எழுதிய மனுக்களுக்கு இன்னும் பதில் இல்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் பல்லைக் கடிப்பாள், ஆகவே யாரும் பேசுவதில்லை. போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கிணற்றடியில் வரிசை நீண்டுகொண்டே போனதால், பவாஸ் ஓட்டோவில் இரத்தோட்டைக்குப் போய், அவளைப் போர்வையோடு கூட்டிவந்து கிணற்றுக் கட்டோடு சாய்த்து வைத்தான். அபீபா அவள் தலைக்கு மேலே குடை பிடித்தாள். அவள் தூங்கிப்போனாள். தூங்கும்போதும் தண்ணீர் சுத்தமாகவே இருந்தது. ஆட்கள் அவளை எழுப்பிவிடாமல் மெதுவாக வாளியை இறக்கினார்கள்.